யாரும்மா நீங்க, யாரைப் பாக்கணும்?

ஜன்னல் பக்கம் நீயே உக்காந்துக்கம்மா. எனக்குக் காத்து ஆகாது. இன்னிக்குன்னு பாத்து தொண்டை கட்டிக்கிட்டா போன காரியமே கெட்டுரும். கண்ணாடியை மட்டும் கொஞ்சம் இழுத்து விடு. போதும், போதும். உனக்குப் புழுங்கப் போவுது.

திருச்சிதானே? நானும் அங்கதான், உறையூரு. இந்த டப்பாவைப் பாத்துட்டுக் கேக்குறியா? பழனிக்கெல்லாம் போகலம்மா. பஞ்சாமிர்தம் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுலயே விக்கிறான். என் மககிட்ட பழனிக்குன்னு சொல்லிட்டு வந்தேன், அதுக்காக வாங்கினது. உன்கிட்ட எதுக்கு மறைக்கணும்? நீ இறங்கி உன் வழியில போயிருவ.

திண்டுக்கல்லுல ஒரு அம்மாவைப் பாக்கப் போனேன். பாட்டு கத்துக்க. சிரிக்காத. இந்த வயசுல என்ன பாட்டுன்னுதானே? சொல்றேன், மணப்பாறை தாண்டுறதுக்குள்ள சொல்லி முடிச்சுர்றேன்.

'கொடிக்கால் சம்பந்தம்'னு ஒரு நாடகம் கேள்விப்பட்டிருக்கியா? நீ எங்க கேட்டிருப்ப. உங்க அம்மாவைக் கேட்டுப் பாரு. கரூர், குளித்தலை, புதுக்கோட்டைப் பக்கத்துப் பொம்பளைன்னா கட்டாயம் பாத்திருப்பாங்க. ஒரு தடவை இல்ல, ஏழெட்டு தடவை. அதுல செண்பகம்னு வர்றது நான்தான். என் பேரு பூங்காவனம். அந்தப் பேரு எங்க தெருவுல இருக்கவங்களுக்கே தெரியாது. மாவு மில்லுக்குப் போனாக்கூட "செண்பகம் வந்துருக்கு, முதல்ல போட்டு விடுப்பா"ம்பாங்க.

நாகலிங்கம் அண்ணன் எழுதின நாடகம். எங்க நாடக மன்றத்துக்கு அவருதான் எல்லாம். எழுதுறது, மெட்டுப் போடுறது, ஆர்மோனியத்துல உக்காருறது எல்லாமே அவரு. பகல்ல வெத்தலை மண்டியில வேலை. அந்த மண்டிக்கு வர்ற ரெண்டு கொடிக்கால்காரங்க, வெத்தலைத் தோட்டம் வெச்சிருக்கவங்க, சம்பந்தி ஆனவங்களாம். கல்யாணத்துல தாம்பூலத் தட்டுல வாடின வெத்தலை வெச்சுட்டான்னு ஒருத்தன் ஆரம்பிக்க, பந்தல்லயே கைகலப்பு ஆயிருச்சாம். அண்ணன் கேட்டுட்டு வந்து சிரிச்சுக்கிட்டே எழுதினாரு. முதல் பாதி பூரா சிரிப்பு. அப்புறம் பொண்ணோட அப்பன் பொண்ணைக் கூட்டிக்கிட்டுப் போயிர்றான். புருஷன் வைரமணி இங்க, பொண்டாட்டி செண்பகம் அங்க. வருஷம் ஓடிருது. கடைசியில அவளே தனியா வந்து அவன் வாசல்ல நிக்கிறா.

அந்த சீன்தாம்மா நாடகமே.

அவன் கதவைத் திறப்பான். அவளைப் பாத்ததும் அடையாளம் தெரிஞ்சிரும். ஆனா இத்தனை நாளு வராம இருந்துட்டாளேங்கிற கோவம். தெரியாத மாதிரி நின்னுக்கிட்டு, "யாரும்மா நீங்க, யாரைப் பாக்கணும்?"னு கேப்பான். கேட்டுட்டு ஜனங்க பக்கமா திரும்பி, அவளுக்குத் தெரியாம ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பைப் பாத்தா கொட்டகையே அலறும். எனக்கு அந்தச் சிரிப்பு தெரியாது பாரு, நான் முதுகுப் பக்கம்தானே நிப்பேன். இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட நான் அதைப் பாத்ததில்ல. அப்புறம் நான் பாடுவேன். பாட்டு முடிஞ்சதும் அவன் தோளு குலுங்க, "செண்பகம்"னு ஒரு சொல்லு. படுதா விழும்.

பொன்மலையில ஒரு அம்மா, ரயில்வேக்காரர் சம்சாரம், நாடகம் போடுறப்ப எல்லாம் முன் வரிசையில உக்காந்திருக்கும். ஒருநாள் மேக்கப் ரூமுக்கு வந்துச்சு. "ஏங்க, கதைதான் தெரிஞ்சு போச்சே, அப்புறமும் ஏன் வர்றீங்க?"ன்னு நானே கேட்டேன். "அவரு நடிக்கிறாருன்னு எங்களுக்குத் தெரியுதுங்க. இன்னும் ஒரு நிமிஷத்துல ஒத்துக்குவாருன்னும் தெரியுது. இருந்தாலும் அந்த ஒரு நிமிஷம், நிசமாவே மறந்துட்டானோன்னு ஒரு பயம் வருது பாருங்க, அப்புறம் செண்பகம்னு சொன்னதும் அது அப்படியே அடங்குது. அதுக்குத்தான் வர்றேன்"னுச்சு. வீட்டுல புருஷன் கூடப் பேச்சுவார்த்தை இல்லாத பொம்பளைங்க எல்லாம் வருவாங்கம்மா. பாத்து அழுதுட்டு, மூக்கைச் சிந்திட்டு, தெம்பாப் போவாங்க. எத்தனையோ சினிமா வந்துச்சு, டி.வி. வந்துச்சு, எங்க நாடகத்துக்குக் கூட்டம் குறையல. சாயங்கால ஆட்டம்தான். பொருட்காட்சி, பள்ளிக்கூட ஆண்டு விழா, கோயில் கலையரங்கம், எங்க போட்டாலும் வாசல்ல செருப்பு குவிஞ்சிரும்.

வைரமணி யாருன்னு நான் சொல்லலையோ? எங்க வீட்டுக்காரருதான். அழகிரிசாமி. நல்ல உயரம். குரலு கணீர்னு இருக்கும். எனக்கு முன்னாடி செண்பகமா நடிச்சவங்க கல்யாணம் ஆகிப் போயிட்டாங்க, நாடகம் நின்னு கிடந்துச்சு. என்னைக் கோயில் பஜனையில பாத்துட்டு அண்ணன் கூப்பிட்டாரு. என் குரல் கொஞ்சம் கட்டைக் குரலு. அதுக்குத் தக்கன பாட்டு மெட்டைக் கீழ இறக்கிக் குடுத்தாரு. நான் வந்த மறு வருஷமே எங்க கல்யாணத்தையும் அண்ணனே பேசி முடிச்சாரு. "மேடையில ஒத்துப் போவுது, வீட்டுலயும் ஒத்துப் போவும்"னாரு. ஒத்துத்தான் போச்சு. என்னைக் கை நீட்டி ஒரு அடி அடிச்சதில்ல, ஒரு கெட்ட வார்த்தை சொன்னதில்ல. அதிகம் பேச மாட்டாரு, அவ்வளவுதான். எல்லாப் பேச்சையும் மேடையில பேசிருவாரு போலன்னு நான் கேலி பண்ணுவேன். மேடையில அந்த "செண்பகம்" இருக்கே, அதைச் சொல்றப்ப ஒரு மனுஷன் அத்தனை ஆசையை எங்க வெச்சிருந்தான்னு இருக்கும். அதைக் கேக்குறதுக்காகவே நான் வாரம் பூரா காத்துக் கிடப்பேன். வீட்டுல "புள்ள, காப்பி"தான். அது பரவால்ல.

ஒரே மக. மங்கையர்க்கரசின்னு பேரு, மங்கைன்னு கூப்பிடுவோம். கரண்டு ஆபீஸுல இருக்கா. அவளுக்கு நாடகம்னாலே ஆகாது.

எங்க விட்டேன்? ஆங். கொரோனாவெல்லாம் முடிஞ்சு திரும்ப மேடை ஏறினப்பத்தான் ஆரம்பிச்சுது. முதல்ல எங்க வீட்டுக்காரரு அவரு பாட்டுல ஒரு சரணத்தை விட்டாரு. வயசாகுதுன்னு நினைச்சோம். அப்புறம் வலது பக்கம் வரவேண்டியவரு இடது பக்கம் வந்தாரு. வசனம் நின்னு போவும், என்னைப் பாப்பாரு. நான் என் வசனத்துக்குள்ளயே அவரு வசனத்தை நுழைச்சுக் குடுத்துருவேன். "என்ன, எங்கப்பா வெச்ச வெத்தலை வாடிப் போச்சுன்னு சொல்லப் போறீங்களா?"ம்பேன். "ஆமா, வாடித்தான் போச்சு"ம்பாரு. ஜனங்க சிரிப்பாங்க. யாருக்கும் தெரியாது. நாகலிங்கம் அண்ணனுக்கே ரொம்ப நாளு தெரியாது.

வீட்டுல? வீட்டுல சட்டையைத் திருப்பிப் போட்டுக்குவாரு. காப்பி குடிச்சுட்டு, காப்பி குடுக்கலையேம்பாரு. மங்கை டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போகணும்னு நச்சரிச்சா. நான்தான், இருடீ, பொருட்காட்சி ஆட்டம் முடியட்டும்னேன். அப்புறம் மாரியம்மன் கோயில் ஆட்டம். அப்புறம் இன்னொண்ணு. மேடையில நிக்கிற வரைக்கும் அவருக்கு ஒண்ணும் இல்லம்மா, அதுதான் அவருக்கு மருந்து. எனக்குத் தெரியாதா?

குளித்தலையில ஆட்டம். நல்ல கூட்டம். கடைசி சீன். கதவைத் திறந்தாரு. "யாரும்மா நீங்க, யாரைப் பாக்கணும்?"னாரு.

சொல்லிட்டு ஜனங்க பக்கம் திரும்பணும்ல? திரும்பல. என்னையே பாத்துக்கிட்டு நிக்கிறாரு. கையைக் கூப்பிக்கிட்டு நிக்கிறாரு. அந்தக் கண்ணை எனக்குத் தெரியும்மா. நடிக்கிறப்ப அவரு இடது புருவம் லேசா ஏறும். அது ஏறல. "வெயில்ல வந்திருக்கீங்க போல. உக்காருங்க. தண்ணி குடிக்கிறீங்களா?"ன்னாரு. இது நாடகத்துல கிடையாது. கொட்டகை அப்படியே கூரை பறக்கச் சிரிக்குது. என்னமா விளையாடுறான்யான்னு எவனோ கத்துறான்.

நான் பாட்டை எடுத்தேன். அண்ணனும் ஆர்மோனியத்துல பிடிச்சுக்கிட்டாரு. பாடி முடிச்சேன். "செண்பகம்" வரல. திரும்பவும் முதல்லேருந்து பாடினேன். இப்ப சிரிப்பு நின்னு போச்சு. ரெண்டாவது தடவையும் முடிஞ்சுது. அவரு கையைப் பிடிச்சுக்கிட்டு, "ஏங்க, நான்தாங்க. நல்லாப் பாருங்க, நான்தான்"னு கதறிட்டேன். அவரு என் கையைத் தட்டிக் குடுத்தாரு. ரயிலுக்குக் காத்திருக்கவங்களுக்குச் சொல்ற மாதிரி, "அழாதீங்கம்மா. உங்க வீட்டுக்காரர் வந்துருவாரு"ன்னாரு.

படுதாவை இறக்கிட்டாங்க. வெளிய கைதட்டு ஓயல. அப்படி ஒரு கைதட்டை நான் கேட்டதே இல்ல. பொம்பளைங்க முந்தானையில முகத்தைப் பொத்திக்கிட்டு உள்ள வந்து என் காலைத் தொடுறாங்க. பின்னால ஒரு மூலையில உக்காந்து அவரு பிஸ்கோத்து தின்னுக்கிட்டு இருக்காரு.

அண்ணன் என்கிட்ட வந்தாரு. முகமெல்லாம் வேர்த்துக் கிடக்கு. "தங்கச்சி, அவனுக்கு நிசமாவே..."ன்னு இழுத்தாரு.

"களைப்புண்ணே. வெயில்"னேன்.

துண்டால முகத்தைத் துடைச்சாரு. அப்புறம், "இந்த முடிவு நல்லா இருக்குல்ல?"ன்னாரு.

நல்லாத்தான் இருந்துச்சு. இல்லன்னு எப்படிச் சொல்றது? அதுக்கப்புறம் எல்லா ஆட்டத்துலயும் அதுதான் முடிவு. போஸ்டர்ல 'நெஞ்சை உலுக்கும் புதிய முடிவு'ன்னு போட்டாங்க. பாத்தவங்களே திரும்பப் பாக்க வந்தாங்க. ஒவ்வொரு ஆட்டத்துலயும் அவரு என்னைத் தெரியாதுன்னுதான் நிப்பாரு. ஒவ்வொரு ஆட்டத்துலயும் நான் அழுவேன். கிளிசரின் வேண்டியதில்ல. ஒருநாள் இல்லன்னா ஒருநாள் சொல்லிருவாரும்மா, அந்த இடத்துல நின்னு அந்தப் பாட்டைக் கேட்டா வாயில தானா வந்துரும்னு நம்புனேன். அதனாலதான் விடாம போட்டேன். கூட்டத்துக்காகன்னு மங்கை சொன்னா. அவளுக்கு என்ன தெரியும்?

அவ ஒரு தடவை வந்தா. சொல்லாமக் கொள்ளாம வந்து கடைசி வரிசையில உக்காந்திருக்கா. அந்த சீன் வந்ததும் எந்திரிச்சு வெளிய போயிட்டா. ஆட்டம் முடிஞ்சு நான் வெளிய வந்தா ஆட்டோ பக்கத்துல நிக்கிறா.

"அம்மா, அப்பா நடிக்கல."

"எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுமா மேல ஏத்துற?"

"ஜனங்க எப்படி அழுதாங்கன்னு பாத்தியா நீ?"ன்னேன்.

அவ என்னை ஒரு பார்வை பாத்தா. அவங்க அப்பா கையைப் பிடிச்சு ஆட்டோவுல ஏத்திட்டா. நான் பின்னாலயே வேன்ல வந்தேன், மேக்கப்பைக்கூடக் கலைக்கல. இன்னிவரைக்கும் அந்தப் பேச்சை அவ திரும்ப எடுக்கல. பிள்ளைங்களுக்குச் சில விஷயம் புரியாது.

கடைசி ஆட்டம் புதுக்கோட்டையில. அதைத்தான் என்னால சொல்ல முடியல, இருந்தாலும் சொல்றேன். கதவைத் திறந்தாரு. "யாரும்மா நீங்க"ன்னு ஆரம்பிச்சவரு, பாதியில நிறுத்திட்டு மேடையைச் சுத்திப் பாத்தாரு. விளக்கைப் பாத்தாரு. அப்புறம் மெதுவா ஓரத்துப் படிக்கட்டுல இறங்குறாரு. யாரும் தடுக்கல, இதுவும் நாடகம்னு நினைச்சுக்கிட்டாங்க. முன் வரிசையில ஒரு நாற்காலி காலியா இருந்துச்சு. போயி அதுல உக்காந்துக்கிட்டாரு. உக்காந்து, கையைக் கட்டிக்கிட்டு, என்னைப் பாக்குறாரு.

நான் என்ன செய்வேன்? மேடையில தனியா நிக்கிறேன். எதிர்ல வாசப்படி இருக்கு, வைரமணி இல்ல. பாடினேம்மா. அவரைப் பாத்தே பாடினேன். எத்தனையோ வருஷமா அவரு முதுகைப் பாத்துப் பாடின பாட்டை அன்னிக்கு, ஜனங்களோட உக்காந்திருக்கவரு முகத்தைப் பாத்துப் பாடினேன். முடிஞ்சதும் முதல்ல கை தட்டினது அவருதான். பக்கத்துல இருந்த ஆளுகிட்ட என்னைக் காட்டி, "நல்லா நடிக்கிறாங்க அந்தம்மா. யாரு பெத்த பொண்ணோ"ன்னாராம். அந்த ஆளே வந்து என்கிட்டச் சொல்லிட்டு அழுதாரு.

அதோட நிறுத்தியாச்சு. டாக்டர்கிட்டயும் போனோம். இன்னும் முன்னாடியே வந்திருக்கலாம்னாரு. எல்லா டாக்டரும் அதைத்தான் சொல்லுவாங்க.

வீட்டுல என்னை "அம்மா"ன்னுதான் கூப்பிடுவாரு. ரொம்ப மரியாதை. சோறு போட்டா, "உங்களுக்குச் சிரமம்"பாரு. பக்கத்துல படுத்தா எந்திரிச்சு உக்காந்துக்குவாரு, அடுத்த வீட்டுப் பொம்பளை வந்து படுத்துட்ட மாதிரி. நான் பாயை எடுத்துக்கிட்டு அடுப்படிக்குப் போயிட்டேன். சண்டை போட்டாலாவது ஒரு உறவு இருக்கும்மா. மரியாதையை வெச்சுக்கிட்டு என்ன பண்றது?

ஒருநாள் எனக்கு என்ன தோணுச்சோ, டிரங்குப் பெட்டியைத் திறந்து செண்பகத்தோட சேலையைக் கட்டினேன். அரக்குல பச்சைக் கரை. பூ வெச்சுக்கிட்டு, கூடத்து வாசப்படியில போயி நின்னேன். காலை நேரம், அவரு இட்லி சாப்பிட்டுக்கிட்டு இருக்காரு. நிமிந்து பாத்தாரு. அப்படியே கை நின்னு போச்சு.

"செண்பகமா?"ன்னாரு.

எனக்கு உசுரு வந்துச்சு. "ஆமா, நான்தான்"னேன். எந்திரிச்சுக் கிட்ட வந்தாரு. முகத்தை இப்படியும் அப்படியுமாப் பாத்தாரு. "மூக்குத்தி எங்க?"ன்னாரு.

எனக்கு மூக்கே குத்தலைம்மா. எங்க வீட்டுல அந்த வழக்கம் கிடையாது. நான் செண்பகமா நடிச்சப்பவும் மூக்குத்தி போட்டதில்ல. அதான் யோசிச்சேன். எனக்கு முன்னாடி செண்பகமா நடிச்சவங்க இருந்தாங்கன்னு சொன்னேன்ல, ரஞ்சிதம்னு பேரு. அவங்க எட்டுக்கல் மூக்குத்தி போட்டிருப்பாங்க. போட்டோவுல பாத்திருக்கேன். மங்கை, "அப்பா யாரைக் கேக்குறாருன்னு புரியலையா உனக்கு?"ன்னா. "வேஷத்தைக் கேக்குறாருடீ. செண்பகம்னா மூக்குத்தி இருக்கும்னு அவரு மனசுல முதல்ல பதிஞ்சு போச்சு, அவ்வளவுதான்"னேன். அந்தம்மா கல்யாணமாகிப் போனப்ப இவரு ஒரு மாசம் படுத்த படுக்கையாக் கிடந்தாருன்னு சொல்லுவாங்க. டைபாய்டு. அந்த வருஷம் ஊரு பூரா டைபாய்டாம். அதுக்கும் இதுக்கும் முடிச்சுப் போட முடியுமா?

போனேன், குத்திக்கிட்டேன். இதோ பாரு, இன்னும் வீக்கம் வடியல. நகைக்கடை பத்தருக்கு ஒரே சிரிப்பு, பேரனுக்குக் காது குத்துற வயசுல உங்களுக்கு எதுக்கும்மான்னாரு. வலி உச்சந்தலைக்குப் போச்சு. எட்டுக்கல்லு கேட்டு வாங்கிப் போட்டேன். வீட்டுக்கு வந்து அதே சேலையில நின்னேன்.

பாத்தாரு. சிரிச்சாரும்மா. ஜனங்க பாத்துச் சிரிச்சாங்களே, அந்தச் சிரிப்பு. எனக்கு முதுகு காட்டிக்கிட்டுச் சிரிப்பாருல்ல, அது. அன்னிக்குத்தான் பாத்தேன். என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "வந்துட்டியா ரஞ்சிதம்"னாரு.

பேரு மாறிப் போவும்னு டாக்டர் முன்னாடியே சொல்லியிருக்காரு. நான் அதைப் பெருசா எடுத்துக்கல. கையைப் பிடிச்சது என் கையைத்தானே.

சாயங்காலம் வரைக்கும் கையை விடல. எதெதுவோ பேசினாரு. ஆத்துல தண்ணி வந்துருச்சான்னாரு, உங்க அண்ணன் கோவம் தணிஞ்சுதான்னாரு. எனக்குக் கூடப் பொறந்த அண்ணனே கிடையாது. தணிஞ்சுருச்சுன்னேன். என்கூட இத்தனை வருஷத்துல அவ்வளவு பேசினதில்ல அவரு. அப்புறம், "பாடு"ன்னாரு. பாடினேன். ரெண்டாவது அடியில கையை விட்டுட்டாரு. தலையை ஆட்டுறாரு. "இல்ல... மேல போவும்"னு கையை இப்படி உசத்திக் காட்டுறாரு. திரும்பப் பாடினேன். "நீங்க யாரும்மா?"ன்னாரு.

மெட்டு. எனக்காக அண்ணன் கீழ இறக்கின மெட்டு. அவருக்கு வேண்டியது பழைய மெட்டு. அண்ணன்கிட்டக் கேக்கலாம்னா அண்ணன் போன தை மாசம் போய்ச் சேர்ந்துட்டாரு. அந்த மெட்டு தெரிஞ்ச ஆளு இன்னும் ஒரே ஒருத்தங்கதான் உசுரோட இருக்காங்க.

அதான் திண்டுக்கல் போனேன். பூட்டுக் கடை வெச்சிருந்த குடும்பத்துல குடுத்திருந்தாங்க அவங்களை. விசாரிச்சுக்கிட்டே போயிட்டேன். மகன் வீட்டுல மாடி ரூமுல இருக்காங்க. வெள்ளை வெளேர்னு தலை. மூக்குல ஓட்டை மட்டும்தான் இருக்கு, மூக்குத்தி இல்ல. புருஷன் போனப்பக் கழட்டிட்டாங்களாம். "அக்கா, நான் உங்களுக்கப்புறம் செண்பகமா நடிச்சவ"ன்னேன். அவங்களுக்கு அப்படி ஒரு சந்தோஷம்! கையைப் பிடிச்சு உக்கார வெச்சு, நாகலிங்கம் அண்ணனைக் கேட்டாங்க. போயிட்டாருன்னதும் அழுதாங்க. ஒத்திகைக்கு வர்ற நாயைக்கூட ஞாபகம் வெச்சிருக்காங்க, கருப்பு நாயாம், மிருதங்கம் அடிச்சா ஊளை விடுமாம். அண்ணன் போட்டுக் குடுக்குற சுக்குக் காப்பி, வேஷம் கட்டுற ரூமுல ஒழுகுற இடம், எல்லாம் சொல்றாங்க. எங்க வீட்டுக்காரரைப் பத்தி மட்டும் பேச்சே இல்ல.

நானே கேட்டேன். "வைரமணியா நடிச்சவரை ஞாபகம் இருக்காக்கா?"

யோசிச்சாங்க. "ஒருத்தர் இருந்தாரு. உயரமா. பேரு என்ன தங்கச்சி அவருக்கு?"

"அழகிரிசாமி."

"ஆங். அழகிரி. நல்ல மனுஷன். அதிகம் பேச மாட்டாரு. ஒருநாள் மழையில குடை குடுத்தாரு"ன்னாங்க. அவ்வளவுதான். அடுத்து, "மிருதங்கம் வாசிச்சவரு பேரு என்ன?"ன்னு போயிட்டாங்க.

எனக்கு வந்துச்சு பாரு ஆத்திரம்! "நல்லா யோசிச்சுப் பாருங்கக்கா"ன்னேன். "அவ்வளவுதானா? ஒரு குடைதானா?"ன்னேன். அந்தம்மா திருதிருன்னு முழிக்கிறாங்க. "ஒரு மனுஷன் பெத்த மகளை மறந்துட்டான், தாலி கட்டினவளை மறந்துட்டான், உங்களை மறக்கல. நீங்க பேரைக்கூட என்கிட்டக் கேக்குறீங்களே! எப்படிக்கா மறந்தீங்க? எப்படி மனசு வந்துச்சு?"ன்னு கத்திட்டேன். மருமக கீழேருந்து மாடிப்படி ஏறி வந்துட்டா.

ஏன் கத்தினேன்னு தெரியல. அந்தம்மா மேல என்ன தப்பு? அவங்க ஒண்ணும் கேக்கலையே. ஒரு வருஷமோ என்னமோ நடிச்சாங்க, கல்யாணம் ஆச்சு, போனாங்க. அப்புறம் நானே அவங்க காலடியில உக்காந்துக்கிட்டு, "பாட்டை மட்டும் சொல்லிக் குடுங்கக்கா"ன்னேன்.

எதுக்கு, யாருக்குன்னு அவங்க கேக்கல. சொல்லிக் குடுத்தாங்க. குரலு நடுங்குது, ஆனா அந்த இடம் வந்தா எங்கேருந்துதான் வருமோ, ஜிவ்வுன்னு மேல ஏறுது. எனக்கு வரல. திரும்பத் திரும்பச் சொல்லிக் குடுத்தாங்க. "மூச்சைப் பிடிச்சுக்கிட்டு, தேடுதுங்கிற இடத்துல விடு தங்கச்சி"ன்னாங்க. நாலஞ்சு மணிக்குத்தான் பிடிபட்டுச்சு. அவங்க கண்ணுலயும் தண்ணி. பாட்டுக்குத்தாம்மா. இவருக்கு இல்ல.

ஒரு தடவை நேர்ல வந்து பாருங்கக்கான்னு கேக்கணும்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. கேக்கல. எதுக்கு? அவரு மனசுல இருக்கவங்க சின்ன வயசு. இந்தக் கிழவியைப் பாத்தா யாரும்மா நீங்கன்னுதான் கேப்பாரு. சேலை என்கிட்ட இருக்கு, மூக்குத்தி இருக்கு, இப்ப பாட்டும் வந்துருச்சு. நானே போதும்.

மங்கைக்குத் தெரிஞ்சா கத்துவா. நீ யாரா ஆகப் பாக்குறன்னு கேப்பா. கேக்கட்டும். நான் என்னிக்கும் செண்பகம்தானே.

இதோ, மெதுவாப் பாடுறேன், சரியா இருக்கான்னு சொல்லு. கண்டக்டர் ஒண்ணும் சொல்ல மாட்டாரு.

*கொடிக்கால் ஓரத்துல கொடி ஒண்ணு வாடுது,*
*கொண்டவன் கண்ணு மட்டும் வேறெங்கோ தேடுது.*

தேடுது... தே... டுது. மேல போச்சா? போச்சுல்ல?

ஏம்மா, கண்ணைத் தொடைக்கிற? அட, அழாத. பைத்தியம். ஆனா ஒண்ணு, கேக்குறவங்க இந்த இடத்துல அழுதாங்கன்னா பாட்டு சரியா வந்துருச்சுன்னு அர்த்தம்.